பல்லிக்குப் போடும் பூச்சி என்ன சாப்பிட்டது? கெக்கோ வளர்ப்பவர்கள் கேட்க மறக்கும் கேள்வி

மஞ்சள் உடம்பு, அதில் கறுப்புப் புள்ளிகள், தடித்த வால், எப்போதும் லேசாகச் சிரிப்பது போன்ற வாய். சமூக வலைதளங்களில் 'க்யூட்' வீடியோக்களாகச் சுற்றிவரும் லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி இது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல பத்தாண்டுகளாக லட்சக்கணக்கான வீடுகளில் கண்ணாடித் தொட்டிக்குள் வளர்கிறது. நம்ம ஊர் பெருநகரங்களிலும் இப்போது இதை வளர்க்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள்.

நாய்க்குப் பெடிக்ரீ, மீனுக்கு மாத்திரைத் தீவனம் என்று பாக்கெட் வாங்கிப் போடுவது போல இதற்குப் போட முடியாது. லெப்பர்ட் கெக்கோ காய், கீரை, பழம் எதையும் தொடாது. அதற்கு வேண்டியது பூச்சி, அதுவும் அசைகிற, உயிருள்ள பூச்சி. "பூச்சிதானே, பிடிச்சுப் போட்டா போச்சு" என்று நினைப்பவர்கள்தான் அதிகம். சிக்கல் தொடங்குவதும் இந்த இடத்தில்தான். கால்நடை மருத்துவர்களிடம் வரும் வளர்ப்புப் பல்லிகளின் நோய்களில் பெரும்பகுதி சாப்பாட்டோடும் பராமரிப்போடும் தொடர்புடையவை. பல்லி பட்டினி கிடந்து நோயாளி ஆவதில்லை; தினமும் வயிறு நிறையச் சாப்பிட்டபடியே ஆகிறது.

அது எப்படி?

பாலைவனத்துப் பல்லி

லெப்பர்ட் கெக்கோவின் சொந்த ஊர் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஓரம். எட்வர்ட் பிளித் என்ற விலங்கியலாளர் 1854-ல் இதை முதலில் அறிவியல் பெயரிட்டு விவரித்தார். அவருக்குக் கிடைத்த மாதிரி, இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள உப்பு மலைத்தொடரைச் சேர்ந்தது. நம் வீட்டுச் சுவர்ப் பல்லியைப் போல இதன் விரல்களில் ஒட்டும் தகடுகள் கிடையாது, அதனால் சுவர் ஏறாது. மூடித் திறக்கும் கண்ணிமை உண்டு. சுவர்ப் பல்லிக்கு அது இல்லை. வாலில் கொழுப்பைச் சேர்த்துவைக்கும். நன்றாகப் பராமரித்தால் 15, 20 ஆண்டுகள் வாழும். ஆறாம் வகுப்புப் பையன் ஆசைப்பட்டு வாங்கினால், அவன் வேலைக்குப் போன பிறகும் வீட்டில் இருக்கும் என்று அர்த்தம்.

காட்டில் இது வண்டு, வெட்டுக்கிளி, சிலந்தி, தேள் என்று கிடைத்ததையெல்லாம் தின்னும். அந்தப் பூச்சிகளும் பலவிதமான செடிகளைத் தின்றவை. தொட்டிக்குள் கதையே வேறு. கடையில் கிடைக்கும் இரண்டு மூன்று வகைப் பூச்சிகள்தான் அதன் உலகம். அந்தப் பூச்சிகளும் பெரும்பாலும் தவிட்டை மட்டுமே தின்று வளர்ந்தவை.

பூச்சியில் என்னதான் குறை?

புரதத்தில் குறை இல்லை. பிரச்சினை கால்சியம்.

மனிதனோ மாடோ கோழியோ, முதுகெலும்புள்ள விலங்கு எல்லாவற்றுக்கும் கால்சியம் கிடங்கு எலும்புதான். பூச்சிக்கு எலும்பே இல்லை. அதன் மேலோடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. அதில் கால்சியம் மிகக் குறைவு. ஆனால் பாஸ்பரஸ் எல்லா உயிரணுவிலும் இருப்பதால் பூச்சியிலும் தாராளமாக இருக்கிறது. பல்லியின் உடம்புக்குக் கால்சியம் பாஸ்பரஸை விடக் கூடுதலாக வேண்டும். ஒன்றுக்கு ஒன்றாவது இருக்க வேண்டும், இரண்டுக்கு ஒன்று என்றால் நல்லது என்பது பொதுவான கணக்கு.

கடைப் பூச்சியில் இந்தக் கணக்கு தலைகீழ். அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் மார்க் ஃபின்கே, பண்ணையில் வளர்க்கப்படும் பூச்சிகளை ஆய்வகத்தில் அலசி 'ஜூ பயாலஜி' இதழில் 2002-ல் வெளியிட்ட எண்கள் இன்றும் பலராலும் எடுத்துக்காட்டப்படுகின்றன. அதன்படி ஒரு கிலோ சுவர்க்கோழியில் (இரவில் கீச் கீச்சென்று கத்துமே, அந்தப் பூச்சி) கால்சியம் சுமார் 400 மில்லிகிராம், பாஸ்பரஸ் சுமார் 2,950 மில்லிகிராம். அதாவது பாஸ்பரஸ் ஏழு மடங்கு. மீல் வார்ம் எனப்படும் மாவுப்புழுவில் கால்சியம் வெறும் 169 மில்லிகிராம், பாஸ்பரஸ் 2,850. கிட்டத்தட்ட 17 மடங்கு!

இப்படிப்பட்ட சாப்பாடு மாதக்கணக்கில் போனால் என்ன ஆகும்? ரத்தத்தில் கால்சியம் குறையக் கூடாது. குறைந்தால் தசையும் நரம்பும் இயங்காது. அதனால் உடம்பு ஒரு ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை உருவத் தொடங்குகிறது. சேமிப்பில் கைவைத்து மாதச் செலவை ஓட்டுகிற குடும்பம் மாதிரி, வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. பல்லி ஓடும், சாப்பிடும், வளரும். உள்ளே எலும்பு ரப்பராகிக்கொண்டிருக்கும். ஒருநாள் தாடை வளையும், கால்கள் வளையும், விரல்கள் துடிக்கும், முதுகு நெளியும். மெட்டபாலிக் போன் டிசீஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். தொடக்கத்தில் பிடித்தால் நோயை நிறுத்தலாம். வளைந்த எலும்பு நேராவது கடினம். குட்டிப் பல்லிக்கும், முட்டை போடும் பெண் பல்லிக்கும் இந்த ஆபத்து அதிகம்.

அப்படியென்றால் வழி என்ன?

பல்லிக்குச் சாப்பாடு போடுவதற்கு முன்னால் பூச்சிக்குச் சாப்பாடு போட வேண்டும். வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் இதை 'கட் லோடிங்' என்கிறார்கள். பூச்சியின் குடலை நிரப்புவது என்று பொருள். பூச்சியை ஒரு பொட்டலம் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் கட்டிவைப்பதுதான் பல்லிக்குப் போய்ச் சேரும். கடையிலிருந்து டப்பாவில் வாங்கிவந்த சுவர்க்கோழி பெரும்பாலும் நாள்கணக்கில் பட்டினி கிடந்தது. அதை அப்படியே போட்டால் காலிப் பொட்டலம் கொடுத்த மாதிரிதான்.

பல்லிக்குப் போடுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே கால்சியம் அதிகமுள்ள தீவனத்தைப் பூச்சிக்குக் கொடுக்க வேண்டும். இதற்கென்றே தயாரித்த பொடிகள் கிடைக்கின்றன. கூடவே ஈரத்துக்கு கேரட், முருங்கைக்கீரை, பூசணி போன்றவை. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: வெறும் கேரட்டும் கீரையும் போட்டுவிட்டு கட் லோடிங் முடிந்தது என்று நினைப்பது. பூச்சியின் குடல் மிகச் சிறியது. அந்தச் சின்ன இடத்தில் கால்சியம் கணக்கைப் புரட்டிப் போட, தீவனத்திலேயே கால்சியம் செறிவாக இருக்க வேண்டும். காய்கறி மட்டும் அந்த வேலையைச் செய்யாது. இன்னொன்று, கீரை வாங்கிய கடையில் பூச்சிமருந்து அடித்த கீரையாக இருந்தால் சுவர்க்கோழிகள் கூட்டமாகச் செத்துக் கிடக்கும். சாகாமல் தப்பிய பூச்சியைப் போடலாமா என்றால், கூடவே கூடாது.

இரண்டாவது வழி, பூச்சியின் மேல் கால்சியம் கார்பனேட் பொடியைத் தூவுவது. ஒரு டப்பாவில் பூச்சியையும் சிட்டிகை பொடியையும் போட்டுக் குலுக்கினால் மாவில் புரட்டிய பஜ்ஜி மாதிரி வெள்ளையாகிவிடும். ஆனால் சுவர்க்கோழி சுத்தக்காரப் பூச்சி. சில நிமிடங்களிலேயே பொடியைத் துடைத்துத் தள்ளிவிடும். வழுவழுப்பான மாவுப்புழுவின் மேல் பொடி சரியாக ஒட்டுவதே இல்லை. எனவே தூவியதும் பல்லி உடனே தின்றால்தான் பலன். காலையில் தூவித் தொட்டிக்குள் விட்டு, ராத்திரி பல்லி எழுந்து சாப்பிடும் என்று விட்டால் பல்லிக்குப் போவது பொடி இல்லாத பூச்சி.

கால்சியம் உள்ளே போனால் மட்டும் போதாது. குடல் அதை உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும். "லெப்பர்ட் கெக்கோ ராத்திரிப் பிராணி, அதற்கு வெயில் விளக்கு தேவையில்லை" என்பது நீண்டகாலமாகச் சொல்லப்பட்டுவந்த பாடம். 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தினமும் கொஞ்ச நேரம் யுவிபி ஒளி பட்ட குட்டி லெப்பர்ட் கெக்கோக்களின் ரத்தத்தில் வைட்டமின் டி அளவு கூடியதைக் காட்டியது. அந்தி நேரத்தில் வெளியே வரும் பல்லிக்கும் ஒளி பயன்படுகிறது என்று அதற்குப் பிறகு பல மருத்துவர்கள் மிதமான யுவிபி விளக்கைப் பரிந்துரைக்கிறார்கள். விளக்கு இல்லாவிட்டால் டி3 கலந்த பொடி வேண்டும். விளக்கும் வைத்து, ஒவ்வொரு வேளையும் டி3 பொடியும் தூவினால் டி3 அளவு மீறிவிடும் ஆபத்து இருக்கிறது. இந்த வைட்டமின் உடம்பில் தங்கும். அதிகமானால் உள்ளுறுப்புகளில் கால்சியம் படியும். வைட்டமின் ஏ-வும் இப்படித்தான். பூச்சிகளில் அது அநேகமாக இல்லை, குறைந்தால் கண் வீங்கும், தோல் உரியாமல் கண்ணைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும், கூடினாலும் கெடுதல். அதனால் சத்துப்பொடி டப்பாவில் எழுதியிருக்கும் அளவைப் படிப்பது அவசியம்.

எலும்பு இல்லாத பூச்சியிலும் ஒரு விதிவிலக்கு

கறுப்பு சிப்பாய் ஈ என்ற பெயர் தமிழ்நாட்டில் கோழி, மீன் பண்ணை வைத்திருப்பவர்களுக்குப் புதிதல்ல. கழிவைத் தின்று கொழுக்கும் இதன் புழு தீவனமாகப் பயன்படுகிறது. இந்தப் புழு மட்டும் தன் தோலில் கால்சியம் கார்பனேட்டைப் படியவைக்கிறது. 2013-ல் ஃபின்கே வெளியிட்ட கணக்கில், கிலோவுக்கு 9,000 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். பாஸ்பரஸ் அதில் பாதிக்கும் குறைவு. பொடியே தூவாமல் சரியான விகிதம் கிடைக்கிற பூச்சி என்று கடைக்காரர்கள் விளம்பரம் செய்வது இதனால்தான்.

ஆனால் புழுவில் இருப்பதெல்லாம் பல்லிக்குக் கிடைத்துவிடுமா? கரீபியன் தீவுகளில் 'மலைக்கோழி' என்ற வேடிக்கையான பெயரில் ஒரு தவளை இருக்கிறது. அதற்கு இந்தப் புழுக்களைக் கொடுத்துச் செய்த ஆய்வு 2008-ல் வெளியானது. முழுசாக விழுங்கிய புழுவிலிருந்து தவளைக்குச் சேர்ந்த கால்சியம் குறைவு. நசுக்கிக் கொடுத்தபோது கூடியது. தவளை மெல்லாது. பல்லி இரண்டு மூன்று முறையாவது கடித்து நசுக்கிவிட்டு விழுங்கும். அதனால் தவளையின் கணக்கு பல்லிக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஒரே பூச்சியை நம்பி மற்றதை நிறுத்துவது புத்திசாலித்தனம் இல்லை.

கழிவில் வளர்ந்த புழு விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015 அக்டோபரில் பூச்சித் தீவனம் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. பூச்சி எதைத் தின்று வளர்ந்தது என்பதைப் பொறுத்தே அதன் ஆபத்து அமையும் என்பது அதன் சாரம். கறுப்பு சிப்பாய் ஈயின் புழு, தன் தீவனத்தில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தால் அதை உடம்பில் சேர்த்துவைக்கும் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பண்ணைப் பூச்சிகளும் 'பண்ணை விலங்கு' கணக்கில்தான் வருகின்றன; சாணம், ஓட்டல் கழிவு போன்றவற்றை அவற்றுக்குத் தீவனமாகப் போட அனுமதி இல்லை. நம்மூரில் குப்பைக் கிடங்கு உரத் திட்டத்தில் வளரும் புழுவை யாராவது இலவசமாகத் தந்தால், அது 15 ஆண்டுகள் வாழும் பிராணிக்கான சாப்பாடு இல்லை.

வீட்டில் ஓடும் கரப்பானைப் பிடித்துப் போடலாமா?

இதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. சுவர்ப் பல்லி டியூப்லைட் பக்கத்தில் உட்கார்ந்து காசு செலவில்லாமல் வேட்டையாடுகிறதே, தொட்டிப் பல்லிக்கு மட்டும் என்ன?

ஒரு நிமிடம் யோசித்தால் விடை புரியும். வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஸ்பிரே, ஜெல், சாக்பீஸ் என்று ஏதாவது ஒரு கரப்பான் மருந்து இருக்கும். கைக்குச் சுலபமாக அகப்படும் கரப்பான் எது? வேகமாக ஓட முடியாதது. மருந்து தின்று மயங்கி, தள்ளாடிக்கொண்டிருப்பது. ஆக, நாம் பிடிக்கும் கரப்பானில் விஷம் ஏறியது இருக்கும் வாய்ப்புதான் அதிகம். சாக்கடையிலிருந்து வரும் கரப்பான் கிருமிகளையும் குடற்புழுக்களையும் சுமந்துவரும் என்பது தனி. வயல் பக்கம் பிடித்த வெட்டுக்கிளியின் கதையும் இதேதான். அந்த வயலில் எப்போது என்ன மருந்து அடித்தார்கள் என்று பிடித்தவருக்குத் தெரியாது.

மருந்தே படாத பூச்சியிலும் விஷம் இருக்கலாம். அமெரிக்காவில் இதற்கு நன்கு பதிவான உதாரணம் மின்மினி. அங்கே வாழும் ஒரு வகை மின்மினிப் பூச்சியில் தேரையின் நஞ்சைப் போன்ற, இதயத்தைத் தாக்கும் வேதிப்பொருள் இருக்கிறது. வளர்ப்பு பியர்டட் டிராகன் ஓணான்கள் அதைத் தின்று இறந்ததை கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஐஸ்னர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1999-ல் பதிவு செய்தார்கள். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பல்லி, மின்மினியை வாயில் வைத்ததும் துப்பிவிடும். பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியாக்காரன். அதன் பரம்பரை அந்த மின்மினியைப் பார்த்ததே இல்லை, அதனால் துப்பத் தெரியவில்லை. வேறு நாட்டுப் பல்லியை நம் தோட்டத்துப் பூச்சியோடு சேர்த்துவைக்கும்போதும் இதே சிக்கல்தான். கம்பளிப்பூச்சி, பளிச்சென்ற நிறமுள்ள வண்டு, மின்மினி என்று எதையும் சோதனைக்காகக்கூடப் போட வேண்டாம் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி.

பண்ணைப் பூச்சி என்றால் பயமில்லையா?

காட்டுப் பூச்சியை விடப் பாதுகாப்பு. ஆனால் முழு உத்தரவாதம் இல்லை.

அமெரிக்காவில் சுவர்க்கோழி வளர்ப்பு பல கோடி டாலர் புரளும் தொழில். தூண்டில் இரைக்காகத் தொடங்கி, பல்லி வளர்ப்பு பரவியதும் பெரிதாகி, தபாலில் பெட்டி பெட்டியாக வீடு தேடி வரும் அளவுக்கு வளர்ந்தது. 2009, 2010-ல் அந்தப் பண்ணைகளுக்குள் ஒரு வைரஸ் புகுந்தது. டென்சோவைரஸ் என்ற வகையைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் 1970-களிலேயே அறியப்பட்டது. வட அமெரிக்கப் பண்ணைகளில் சுவர்க்கோழிகள் கோடிக்கணக்கில் மல்லாந்து செத்தன. சில பண்ணைகள் மூடப்பட்டன. சில, கட்டடத்தையே கழுவிக் காயவைத்து முதலிலிருந்து தொடங்கின.

அந்த வைரஸ் பல்லியைத் தாக்குவதில்லை. ஆனால் ஒரே வகைப் பூச்சியை, ஒரே கூரைக்குக் கீழ், லட்சக்கணக்கில் நெருக்கி வளர்த்தால் என்ன நடக்கும் என்று அது காட்டிக்கொடுத்தது. பிறகு பண்ணைக்காரர்கள் வைரஸைத் தாங்கும் வேறு வகைகளைத் தேடினார்கள். இன்று பரவலாக விற்கப்படும் பட்டைக்கோட்டுச் சுவர்க்கோழி அப்படி வந்ததுதான். அதற்கு 'இந்திய வீட்டுச் சுவர்க்கோழி' என்றும் ஒரு பெயர் உண்டு! இதற்கிடையே, பூச்சிகளைத் தாக்கும் இரிடோவைரஸ் என்ற வேறொரு வைரஸை ஜெர்மன் ஆய்வாளர்கள் சுவர்க்கோழிகளிலும், நோயுற்ற வளர்ப்பு ஓணான், பச்சோந்திகளிலும் கண்டுபிடித்தார்கள். இரையிலிருந்து கிருமி தாண்டக்கூடும் என்ற சந்தேகம் வலுத்தது.

வளர்ப்பவர் கையில் இருக்கும் கட்டுப்பாடு எளிமையானது. பூச்சி வாங்கியதும் ஒரு வாரமாவது தனி டப்பாவில் வைத்துப் பார்க்க வேண்டும். வழக்கத்துக்கு மீறிச் சாவு, துர்நாற்றம் இருந்தால் அந்தக் கூட்டத்தையே ஒதுக்கிவிட வேண்டும். இன்னொரு முக்கியமான விஷயம், தொட்டிக்குள் விட்டு மீந்த பூச்சியை எடுத்துப் பழைய டப்பாவில் போடக் கூடாது. பசித்த சுவர்க்கோழி பல்லியின் எச்சத்தையும் தின்னும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி எச்சம் வழியாகப் பரவுவது; லெப்பர்ட் கெக்கோவின் கொழுத்த வாலைக் குச்சியாக்கிக் கொல்லும் நோய் அது. முதல் தொட்டியில் மீந்த பூச்சியை இரண்டாவது தொட்டியில் விட்டால், அந்த ஒட்டுண்ணியைக் கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி.

பூச்சி பல்லியைக் கடிக்குமா?

கடிக்கும். பசித்த சுவர்க்கோழிகளைக் கூட்டமாக விட்டுவிட்டுத் தூங்கப் போனால், அவை பல்லியின் விரல், கண்ணிமை, வால் நுனியைக் கொறிக்கும். தோல் உரிக்கும் சமயத்திலும், உடம்பு சரியில்லாத பல்லிக்கும் இது பெரிய தொந்தரவு. 15, 20 நிமிடத்தில் தின்னாத பூச்சியை வெளியே எடுத்துவிடுவது நல்லது.

"மாவுப்புழு பல்லியின் வயிற்றைக் கடித்துத் துளைத்து வெளியே வந்துவிடும்" என்று ஒரு கதை இணையம் வந்த காலத்திலிருந்தே சுற்றுகிறது. பல்லி கடித்து நசுக்கி விழுங்கியபின், காற்றே இல்லாத அமிலப் பையில் புழு அவ்வளவு வேலை செய்ய வாய்ப்பில்லை. செத்துப்போன பல்லியின் உடம்பைத் தொட்டியில் இருந்த புழுக்கள் தின்றதைப் பார்த்தவர்கள் கிளப்பிய கதையாக இருக்கலாம். இதை நம்பிப் புழுவின் தலையை நசுக்கிக் கொடுக்கத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியது அளவை. பல்லியின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை விட அகலமான பூச்சி வேண்டாம். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். மெழுகுப்புழு என்று ஒன்று விற்கிறார்கள், கால்வாசி கொழுப்பு. பல்லிக்கு அது ஜிலேபி. ஆசையாகத் தின்னும், பிறகு வேறு எதையும் தொடாமல் அடம்பிடிக்கும்.

சூடும் முக்கியம். பல்லியின் உடம்பு தானாகச் சூடாகாது. தொட்டியின் ஒரு பக்கமாவது 30 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் தின்றது செரிக்கும். ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறையில் ஹீட்டர் இல்லாமல் வைத்துவிட்டு, எவ்வளவு நல்ல பூச்சி போட்டாலும் அது வயிற்றில் அப்படியே கிடக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன ஆபத்து?

சால்மோனெல்லா. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் இந்தப் பாக்டீரியா, பல்லியின் குடலில் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும். பல்லி பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். 2015-ல் அமெரிக்காவில், வளர்ப்பு கிரெஸ்டட் கெக்கோ பல்லிகளோடு தொடர்புடைய சால்மோனெல்லா பரவலில் 17 மாநிலங்களில் 20-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் சின்னக் குழந்தைகளும் இருந்தார்கள்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்வது: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, 65 வயதைத் தாண்டியவர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர் இருக்கும் வீட்டில் ஊர்வன வேண்டாம். தாத்தா பாட்டி, பேரன் பேத்தி எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கும் நம்மூர்க் குடும்பத்துக்கு இது யோசிக்க வேண்டிய வரி. பல்லியைத் தொட்டால் மட்டுமல்ல, பூச்சி டப்பாவைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டித் தட்டுகளைச் சமையலறை சிங்க்கில் கழுவக் கூடாது. பூச்சி டப்பாவை ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். (மாவுப்புழு வளராமல் இருக்க ஃப்ரிட்ஜில் வைப்பது வழக்கம்.) அதற்குத் தனி இடம் வேண்டும்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் பல்லியையும் பார்க்கிறது, பூச்சியையும் பார்க்கிறது.

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. சைட்டீஸ் என்ற சர்வதேச உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி இதில் வந்தது. 2024 பிப்ரவரியில் அதற்கான நடைமுறை விதிகள் வெளியாகின, 'பரிவேஷ் 2.0' இணையதளத்தில் பதிவு. எந்த இனம் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை அறிவியல் பெயரை வைத்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் சொல்லும் செல்லப் பெயரை வைத்து அல்ல. வடகிழக்கு இந்தியாவில் வாழும் டோக்கே கெக்கோவை வீட்டில் வைத்திருப்பது நேரடியாகக் குற்றம். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் ஊர்வனவற்றைச் சென்னை விமான நிலைய சுங்கத் துறை திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. அப்படி வரும் பல்லியை வாங்குபவருக்கு, அது இதுவரை என்ன தின்றது, என்ன நோய் இருந்தது என்று எதுவுமே தெரியப்போவதில்லை.

பூச்சிக்கும் அனுமதி வேண்டும். 2003-ம் ஆண்டின் தாவரத் தடைகாப்பு ஆணைப்படி, வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பூச்சிகளை அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது. தப்பி ஓடினால் பயிருக்கோ இங்குள்ள பூச்சிகளுக்கோ என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதே காரணம். தென் அமெரிக்காவின் டூபியா கரப்பானை ஆன்லைனில் விற்பவரிடம், அது எங்கிருந்து வந்தது, என்ன தீவனத்தில் வளர்கிறது என்று கேட்டு, பதில் வராவிட்டால் வாங்காமல் விடுவது நல்லது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

விரல் துடிப்பு, வாயை முழுதாக மூட முடியாமல் இருப்பது, வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு நடப்பது, வால் மெலிவது, ஒரு கண்ணை மூடியே வைத்திருப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாள் கடத்தக் கூடாது. ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் குறைவு; பல்லி வாங்குவதற்கு முன்பே யாரிடம் போவது என்று விசாரித்துவைக்க வேண்டும். போகும்போது புதிய எச்சம் ஒரு சிறு டப்பாவில், சத்துப்பொடி டப்பாவின் லேபிள், விளக்கின் பெயர், பூச்சிகளை வைத்திருக்கும் பெட்டியின் போட்டோ ஆகியவற்றை எடுத்துப்போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.